"ஒரு த்ரெட் போட்டு விடுங்க"ன்னு சொன்னவங்க எங்கே?

ஸ்க்ரோல் திக்குதா? "ஒரு த்ரெட் போட்டு விடுங்க." த்ரெட்னா ஒரே ஆப்புக்குள்ள மத்த வேலைகளோட கூடவே ஓடுற தனி வேலை ஓட்டம். மீட்டிங்ல அந்த வரியைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகலை. அதோட விளைவைத் தேடிப் பிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆச்சு. வயிறு எரியுது.

வெப்கிட்ங்கிற ப்ரௌசர் எஞ்சினை ஆண்ட்ராய்டுல ஓடுற மாதிரி மாத்துறது, அதாவது போர்ட் பண்றது, என் வேலை. டாம் (வெப் பக்கத்தோட உறுப்புகளின் மரம்), லேஅவுட் (எது எங்கே வரணும்ங்கிற கணக்கு) எல்லாமே ஒரே மெயின் த்ரெட்லதான் ஓடும்னு நம்பி எழுதின கோடு அது. ஆண்ட்ராய்டுலயோ மெயின் த்ரெட், அதாவது திரையைக் கவனிக்கிற யுஐ த்ரெட், ஏற்கெனவே ஜாவா பக்கத்து லூப்பர் (வர்ற வேலைகளை வரிசையா எடுத்துக் கொடுக்கிறது) கையில இருக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிறது 16 மில்லிசெகண்ட். அதுக்குள்ள லேஅவுட்டும் அங்கேயே நடந்தா விரலுக்குத் திரை நகராது. அதனால எஞ்சினைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளினோம், அது சரி. அதோட நிறுத்தியிருக்கணும்!

நெட்வொர்க்குக்கு ஒண்ணு, கேஷுக்கு ஒண்ணுன்னு சேர்த்துக்கிட்டே போனாங்க. ஒரு கால்பேக்ல (வேலை முடிஞ்சதும் கூப்பிடுற ஃபங்ஷன்), ஐசோலேட்டட் காப்பி, அதாவது தனிப் பிரதி, எடுக்காம ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) அப்படியே எஞ்சின் த்ரெட்டுக்குத் தள்ளிட்டாங்க. நாங்க எடுத்த பதிப்புல ஸ்ட்ரிங்கோட ரெஃப் கவுன்ட் (எத்தனை இடத்துல பயன்படுதுங்கிற எண்ணிக்கை, பூஜ்யமானா மெமரி விடுபடும்) அடாமிக் இல்லை, அதாவது ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல மாத்தினா பத்திரமில்லை. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல கூட்டினா ஒரு கூட்டல் காணாமப் போகும், மெமரி முன்னாடியே விடுபட்டுடும். க்ராஷ் ஆகுறது எங்கே? ஒருநாள் சிஎஸ்எஸ் பார்சர்ல, மறுநாள் ஃபான்ட் கேஷ்ல. ஒரு லாக் மெசேஜ் சேர்த்தா மறையும், எடுத்தா திரும்ப வரும். கடைசியில திருத்தினது ஒரே ஒரு வரி.

அடுத்த யோசனை, "எல்லாத்துக்கும் ஒரு பூட்டு போடுங்க." போட்டாங்க. பூட்டை ஒரு த்ரெட் வெச்சிருந்தா, அது விடுற வரைக்கும் மத்தது காத்திருக்கணும். வெப் பக்கத்துல அலர்ட் பெட்டி வந்தா, ஓகே அழுத்துற வரைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நகரக் கூடாது. எஞ்சின் த்ரெட் பூட்டைக் கையில வெச்சுக்கிட்டே, பெட்டியைக் காட்டச் சொல்லி யுஐ த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். அதே நேரம் நாம போனைத் திருப்பினா, யுஐ த்ரெட் பக்கத்தோட அகலத்தைக் கேட்டு அதே பூட்டுக்காகக் காத்து நிக்கும். ரெண்டும் நகராது. தொட்டுப் பார்த்தா 5 செகண்ட்ல "ஆப் பதிலளிக்கவில்லை". பயனர் திட்டுறது ஆப்பை, ராத்திரி முழிக்கிறது நான்.

ஜேஎன்ஐ (ஜாவாவும் சி++ கோடும் பேசிக்கிற பாலம்) கொடுமை தனி. அந்தப் பாலத்தைப் பயன்படுத்தத் தேவையான என்வ் பாயின்டர் அந்தந்த த்ரெட்டுக்கு மட்டும்தான் செல்லும். அதை க்ளாஸ் மெம்பரா சேமிச்சு வெச்சு, வேற த்ரெட்ல எடுத்தவங்களை என்ன சொல்ல?

த்ரெட் சேர்க்கறதை நான் எதிர்க்கலை. எந்த டேட்டா யாருக்குச் சொந்தம்னு எழுதிட்டுச் சேர்த்துக்கோங்க. இன்னைக்குக் காலையில ரிவ்யூவுக்கு இன்னொரு த்ரெட் வந்திருக்கு, படம் டீகோட் பண்ணவாம். அந்த பிக்சல் பஃபரை (டீகோட் ஆன படம் இருக்கிற மெமரியை) யார் விடுவிக்கணும்? ஒரு வரி எழுதலை. திருப்பி அனுப்பிட்டேன்.