பத்து மில்லிமீட்டரில் மலை கூழாங்கல் ஆகிவிடும்

பெங்களூரில் மழை விட்டு மேகம் கலையத் தொடங்கினால் போதும், கேமரா வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்விதான் சுற்றிவரும். "நந்தி மலைக்குப் போறேன், கிட் லென்ஸ்ல எல்லாம் அடங்க மாட்டேங்குது. கையைக் கடிக்காம ஒரு வைட் லென்ஸ் சொல்லுங்க."

கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மாதிரியான லென்ஸ்தான் கிட் லென்ஸ். மில்லிமீட்டர் எண் குறையக் குறைய காட்சி அகலமாக அடங்கும், அதுதான் வைட் லென்ஸ். லென்ஸ் பெயர் சொல்வது எளிது, கீழே சொல்லியும் இருக்கிறேன். அதற்கு முன் அந்த "எல்லாம் அடங்கணும்" என்பதைப் பேசியாக வேண்டும். பணம் வீணாவது அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. 300 மீட்டர் உயரக் குன்று ஒன்று உங்களிடமிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் பத்தில் ஒன்று. அதை லென்ஸின் மில்லிமீட்டரால் பெருக்குங்கள், படம் பதியும் சென்சார் மேல் குன்று எவ்வளவு உயரத்துக்கு விழும் என்பது வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 5 மி.மீ. கிட் லென்ஸின் 18-இல் 1.8 மி.மீ. ஆசைப்பட்டு வாங்கப்போகும் 10-இல் வெறும் 1 மி.மீ. கேனான் கிராப் சென்சாரின் (ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறியது) மொத்த உயரமே 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, 50-இல் ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நின்ற குன்று, 10-இல் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கண்ணுக்கு மலையாகத் தெரிந்தது படத்தில் கூழாங்கல். மிச்ச இடமெல்லாம் வெளுத்த வானமும் வெறும் தரையும்.

நந்தியின் உச்சியிலிருந்து விடியற்காலையில் பனிக்குள் அடுக்கடுக்காகத் தெரியும் குன்றுகளை எடுக்கத்தான் ஆசை என்றால், உங்களுக்கு வேண்டியது வைட் லென்ஸே இல்லை. இரட்டை லென்ஸ் கிட்டில் கூடவே வந்து பையில் தூங்குகிறதே அந்த 55-250 அல்லது 70-300, அதை எடுத்து மாட்டுங்கள். செலவு பூஜ்யம்.

அப்படியானால் வைட் எதற்கு? காலடியில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவதற்கு. சாவன்துர்கா மாதிரி ஒற்றைப் பாறை மலைகளில், மழைக்குப் பின் பாறைக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள குழி என்று வைத்துக்கொள்வோம். ட்ரைபாட் கால்களை அகட்டி, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, குழியிலிருந்து 60 சென்டிமீட்டரில் 10 மி.மீ. லென்ஸை வைத்தால், அந்தக் குழி ஃப்ரேமின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். தண்ணீரில் விழும் மேகம்கூடத் தெரியும். அதே இடத்தில் நிமிர்ந்து நின்று ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் எட்டில் ஒரு பங்குதான். லென்ஸ் மாறவில்லை, நீங்கள் குனியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குனிய மனமில்லாதவருக்கு வைட் லென்ஸ் வீண் செலவு என்பது என் கட்சி.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஃபோனில் 0.5 என்று இருக்கும் கேமராவை மட்டும் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபோன்களில் அது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 13 மி.மீ. அளவில் இருக்கும். கேனான் கிராப் கேமராவில் 10 மி.மீ. என்பது 16-க்குச் சமம், நிக்கான், சோனி கிராப்பில் 15-க்கு. கொஞ்சம் ஓரம் வெட்டினால் அதே காட்சி. ஒரு வாரத்தில் ஒரு படம்கூட மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் லென்ஸ் வாங்கினாலும் பிடிக்காது.

இன்னொரு காசில்லாத வழி: கிட் லென்ஸை 18-இல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு மேலே விழும்படி மூன்று படங்கள் எடுத்து ஒட்டினால், பக்கவாட்டில் சுமார் 105 டிகிரி கிடைக்கும். 10 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகத் தருவது 96 டிகிரி. ஒட்டியபின் ஓரம் வெட்ட வேண்டியிருக்கும், அதனால் நான்காக எடுப்பது நல்லது. எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டுங்கள், ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஃபோகஸ் ஒருமுறை வைத்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இவற்றில் ஒன்றை மறந்தாலும் ஒட்டின இடம் வானத்தில் பட்டையாகத் தெரியும். ஒட்டுவதற்கு ஹியூகின் என்ற இலவச மென்பொருளே போதும். இந்த வழி காலைவாரும் இடங்கள்: அலையடிக்கும் நீர், காற்றில் ஆடும் புல், ஒரு மீட்டருக்குள் இருக்கும் கல். கேமரா திரும்பும்போது கிட்டத்தில் இருப்பது பின்னணியை விட்டு நகர்ந்துவிடும், மென்பொருளால் பொருத்த முடியாது. ஆக, தூரக் காட்சிக்கு ஒட்டுப்படம், காலடிக் காட்சிக்கு வைட்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், இனி லென்ஸ்.

கேனான் டிஎஸ்எல்ஆர், கிராப் சென்சார் வைத்திருப்பவருக்கு யோசனையே வேண்டாம். ஈஎஃப்-எஸ் 10-18 எஃப்/4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். (எஃப் எண் ஒளி நுழையும் ஓட்டையின் அளவு, எண் சிறிதானால் ஓட்டை பெரிது.) 2014-இல் வந்தது, 240 கிராம், 67 மி.மீ. ஃபில்டர். கேமராவில் மாட்டும் வளையமான மவுன்ட் பிளாஸ்டிக். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, இவ்வளவு லேசான லென்ஸுக்கு அது ஒரு குறையே இல்லை. இதற்கு முந்தைய 10-22 யுஎஸ்எம் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் வந்தால் அதையும் பார்க்கலாம். தூர அளவுகள் பொறித்த ஃபோகஸ் வளையம் அதில் இருக்கிறது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. கேனான் மிரர்லெஸ், அதாவது ஆர்எஃப் மவுன்ட், கிராப் கேமரா என்றால் 2023-இல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18. 150 கிராம்தான், 49 மி.மீ. ஃபில்டர்.

நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 விஆர். 2017-இல் வந்தது, 230 கிராம், 72 மி.மீ. ஃபில்டர். இதில் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். டி3100, டி3200, டி5100, டி90 போன்ற பழைய கேமரா உடல்களில் இந்த லென்ஸ் மாட்டும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. மேனுவலிலும் ஆகாது, ஏனென்றால் வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே கண்ணாடியை நகர்த்துவது மோட்டார்தான். டி3300, டி5300-க்கு ஃபர்ம்வேர் அப்டேட் செய்ய வேண்டும். பழைய உடல் வைத்திருப்பவர்கள் சிக்மா 10-20 அல்லது டோக்கினா 11-16 பக்கம் போகலாம். டோக்கினாவிலும் முதல் பதிப்பின் நிக்கான் மவுன்டில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கேமராவிலேயே மோட்டார் உள்ள டி90, டி7000 வரிசையில் ஓடும், டி3000, டி5000 வரிசைகளில் கையால்தான் திருப்ப வேண்டும். 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. விற்பவர் "எல்லா நிக்கானுக்கும் ஓடும் சார்" என்பார். பெயரில் இரண்டு என்ற ரோமன் எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சோனி கிராப் கேமராவில் சிக்கனமாக வேண்டும் என்றால் சாம்யாங் 12 மி.மீ. எஃப்/2, முழுக்க மேனுவல், 67 மி.மீ. ஃபில்டர். ஆட்டோ ஃபோகஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம், லேண்ட்ஸ்கேப்புக்கு அது தேவைப்படுவதே இல்லை.

"பின்னாடி ஃபுல் ஃப்ரேம் போவேன், அதனால இப்பவே 17-40 வாங்கிடறேன்" என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். கிராப் கேமராவில் 17 என்பது 27-க்குச் சமம். கையில் ஏற்கெனவே இருக்கும் கிட் லென்ஸை விட ஒரு மில்லிமீட்டர்தான் அகலம். பிறக்காத குழந்தைக்குச் சட்டை தைக்க வேண்டாம். இன்று கையில் இருக்கும் கேமராவுக்கு வாங்குங்கள், போகும்போது விற்றுவிடலாம். ஏற்கெனவே ஃபுல் ஃப்ரேமில் இருப்பவருக்குத்தான் கேனானின் அந்த 17-40, நிக்கானில் 18-35 ஜி, கேனான் ஆர்எஃப் மவுன்டில் 16 எஃப்/2.8 எல்லாம். 16-இன் ரா படத்தை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, திருத்தாமல் திறந்தால் பீப்பாய் மாதிரி உப்பியிருக்கும். பயப்பட வேண்டாம், அது மென்பொருளில் நிமிரும்படிதான் வடிவமைக்கப்பட்டது.

அடுத்து எஃப்/2.8 மோகம். காலை, மாலை காட்சிகளை எடுப்பது ட்ரைபாடில், எஃப்/8-இல். எஃப்/4.5-இல் தொடங்கும் லென்ஸும் எஃப்/2.8-இல் தொடங்கும் லென்ஸும் எஃப்/8-இல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்தக் கூடுதல் கண்ணாடிக்குக் காசும் எடையும் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமலே திரும்புவீர்கள். போதாக்குறைக்கு டோக்கினா 11-16 சூரியன் ஃப்ரேமுக்குள் வந்தால் ஃப்ளேர் எனும் ஒளிக்கறையை அள்ளி வீசும். நட்சத்திரம் எடுப்பவர் கதை மட்டும் வேறு. எஃப்/2-இல் 20 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 3200 என்று எடுக்கும் வானத்தை எஃப்/4.5-இல் எடுக்க ஐஎஸ்ஓ 16000 வேண்டும், ஐந்து மடங்கு. அவருக்கு சாம்யாங் 12 போன்றதுதான் சரி. அதற்கும் முதலில் பெங்களூரின் வெளிச்சத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

எஃப்/16, எஃப்/22 வரை மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்பதும் தவறு. சின்ன ஓட்டையில் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும். 10 மி.மீ.-க்கு அது தேவையும் இல்லை. எஃப்/8-இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 40 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை பிடித்துவிடும். கேனானின் எஸ்டிஎம் லென்ஸிலும் நிக்கானின் ஏஎஃப்-பியிலும் தூர அளவுகள் இல்லை. ஆகவே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கல்லின் விளிம்பில் பின்திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கேமரா தூங்கி எழுந்தால் மறுபடி சரிபாருங்கள், ஃபோகஸ் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ட்ரைபாடில் ஸ்டெபிலைசரை அணைப்பதும் முக்கியம். நிக்கான் 10-20-இல் அதற்கு லென்ஸில் பொத்தான் கிடையாது, மெனுவுக்குள் போக வேண்டும்.

ஃபில்டர் விலையையும் லென்ஸ் விலையோடு சேர்த்துப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே பல பேருக்குப் பலித்திருக்கிறது. டோக்கினா 11-20-க்கு 82 மி.மீ. ஃபில்டர். பளபளப்பைக் குறைக்கும் நல்ல சிபிஎல் (போலரைசர்) ஒன்றும், ஒளியைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஒன்றும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) வாங்கும்போது 67-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசம் கையைச் சுடும். என்டி ஒகேனக்கல், சிவனசமுத்திரம் மாதிரி அருவிகளுக்கு உதவும். 1/60 விநாடி காட்டுகிற வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் ஒரு விநாடிக்கு இழுத்துவிடும். சிபிஎல்லை ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்க மட்டும் வையுங்கள். நீல வானத்துக்கு வைட் லென்ஸில் அதைத் திருப்பினால் ஒரு மூலை கருநீலம், மறு மூலை வெளிர் என்று வானம் திட்டாகிவிடும். சூரியனுக்கு 90 டிகிரியில் இருக்கும் பகுதிதான் அதிகம் இருளும், இந்த லென்ஸோ மூலைக்கு மூலை 100 டிகிரிக்கு மேல் பார்க்கிறது.

காட்சியை அகலமாக்க கிட் லென்ஸின் முகத்தில் திருகும் 0.45எக்ஸ் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். மூலைகள் நெய் தடவின மாதிரி இருக்கும்.

ட்ரைபாடை மறந்துவிட்டு லென்ஸில் எல்லாப் பணத்தையும் போடுவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுதான். நடுத்தண்டைத் தூக்காமலே மார்பு உயரம் வருவதும், கால்கள் தனித்தனியாக அகண்டு தரையோடு படுப்பதும் போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்னால் பாருங்கள். நான்கைந்து தூசு பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை, பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். பால் படிந்த மாதிரி தெரிந்தாலும் அப்படியே. மவுன்ட் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

அடுத்தது மூலைச் சோதனை. வைட் லென்ஸில் ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் மழுங்கும், கீழே விழுந்த லென்ஸ்களில் சர்வசாதாரணம். தூரத்தில் இருக்கும் மொபைல் டவரோ அடுக்குமாடியின் ஜன்னல் வரிசையோ எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், ஸ்டெபிலைசர் அணைப்பு, எஃப்/5.6. ஃபோகஸை நடுவில் ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு, அதே டவரை நான்கு மூலைகளிலும் வருமாறு நான்கு படங்கள். 100 சதவீதத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு, எஃப்/8-இல் தேறிவிடும். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் அது கோளாறு, எஃப்/11-இலும் முழுதாகச் சரியாகாது. அதிக ஜூமிலும் ஒருமுறை இதே சோதனை. புது லென்ஸுக்கும் இதைச் செய்யுங்கள், அதுவும் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள்.