பிளாக் காபியில் உப்பு எதற்கு?

ஜிம்முக்குப் போகும் முன் பிளாக் காபியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்தால் தசைக்கு பலம், 'பம்ப்' (பயிற்சியில் ரத்தம் ஏறித் தசை புடைப்பது) நன்றாக ஏறும் என்று ரீல்ஸ் மேல் ரீல்ஸாக வருகிறது. காபிக்கு ஆதாரம் இருக்கிறது. அந்தச் சிட்டிகை உப்பு, பெரும்பாலானவர்களுக்கு, காபியின் கசப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

காபியில் உள்ள காபீன் முக்கியமாக வேலை செய்வது நரம்பு மண்டலத்தில். களைப்பை உணர்த்தும் அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் காபீன் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அதே எடை சற்று லேசாகத் தெரியும், கடைசி ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்க முடியும். தசையைச் சுருங்கவைக்கும், தசைக்குள்ளேயே இருக்கும் கால்சியத்தைக் காபீன் நேரடியாக அவிழ்த்துவிடும் என்கிறார்களே, அது ஆய்வகத்தில் உண்மை. ஆனால் அங்கே ஊற்றும் செறிவு மில்லிமோலார் கணக்கு. காபி குடித்தவர் ரத்தத்தில் இருப்பது மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு. அந்த ஆய்வக அளவு ரத்தத்தில் ஏறினால் எடை தூக்க ஆள் இருக்க மாட்டார்.

விளையாட்டு ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால். 70 கிலோ ஆளுக்கு 3 என்று வைத்தாலே 210 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே வேளையில் 200, நாள் முழுக்க 400 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. எனவே என் பரிந்துரை: கிலோவுக்கு 2 மி.கி.-இல் தொடங்குங்கள், 3-ஐயோ ஒரு வேளைக்கு 200 மி.கி.-ஐயோ தாண்டாதீர்கள். மேலே போகப் போகப் பலனைவிடக் கை நடுக்கமும் படபடப்பும்தான் கூடும்.

அளப்பதில்தான் சிக்கல். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூள் 2 கிராமில் சுமார் 60 மி.கி. காபீன் இருக்கும். பாக்கெட்டில் 70:30 என்று போட்டிருந்தால் முப்பது பங்கு சிக்கரி. அதில் காபீன் கிடையாது. பில்டர் காபி இன்னும் மோசம். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காபீன். கடைக்காரர் எதை எந்த விகிதத்தில் அரைத்தார் என்று தெரியாமல் 'ஒரு டம்ளர்' என்று கணக்கு சொல்வதில் அர்த்தமில்லை. தனிக் காபீன் பவுடரை ஆன்லைனில் வாங்கி வீட்டு ஸ்பூனால் அளப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஒரு டீஸ்பூன் உயிரையே எடுத்துவிடக்கூடும்.

மாலை 7 மணிக்கு ஜிம் போகிறவர்கள் இதையும் பாருங்கள்: காபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் கிட்டத்தட்டப் பாதி இன்னும் உடம்பில்தான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தசை வளர்ப்பது நடக்கிற காரியமா?

இனி உப்பு. தசை சுருங்க சோடியம் வேண்டும், மறுக்கவில்லை. நரம்பின் சமிக்ஞையே செல்லுக்குள் சோடியம் பாய்வதால்தான் ஓடுகிறது. ஆனால் ரத்தத்தில் சோடியத்தை லிட்டருக்கு 135–145 மில்லிமோலுக்குள் சிறுநீரகம் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சிட்டிகை என்பது 0.3 கிராம் உப்பு, சுமார் 120 மி.கி. சோடியம். உப்பைக் கொடுத்து ரத்தத்தில் உள்ள நீரின் அளவைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் கொடுத்தது 6 கிராம் உப்புக்கு மேல் ஈடான சோடியம், முக்கால் லிட்டர் தண்ணீரோடு. சிட்டிகையால் அது நடக்காது. மேலும் உலக சுகாதார நிறுவனம் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. நாம் ஊறுகாயும் அப்பளமுமாக அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறோம். ஏசி ஜிம்மில் முக்கால் மணி நேரப் பயிற்சிக்குக் கூடுதல் உப்பு தேவையே இல்லை.

தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு: வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர், கபடி, கால்பந்து ஆடுபவர், உடை காய்ந்ததும் வெள்ளைக் கோடு படிகிறவர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததைக் கூட்டினால் வியர்வை அளவு, ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய கால் டீஸ்பூன் உப்பு (1.5 கிராம், சுமார் 600 மி.கி. சோடியம்), 40 கிராம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. போதும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் பொட்டாசியத்தைவிடப் பல மடங்கு போவது சோடியம்தான்.

வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உடனே உப்பைத் தேடாதீர்கள். வெயிலில் மணிக்கணக்கில் வியர்த்தவருக்கு உப்புக்குப் பங்கிருக்கலாம். மற்றபடி அளவுக்கு மீறிக் களைத்த தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை குழம்புவதே பெரும்பாலும் காரணம். முழங்காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். அதுதான் வேகமான மருத்துவம்.

ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் காபீன், கூடுதல் உப்பு இரண்டையும் மருத்துவரைக் கேட்டுத் தொடுங்கள். 'லோ சோடியம்' உப்பு பாதுகாப்பு என்று நினைத்து மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். அதில் கலப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவருக்கும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவருக்கும் அது ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்தக்கூடும்.