தொப்பி திரும்பி வராத நாடகம்

ஞாயிற்றுக்கிழமை நம் பங்கு மேடையில் மைக் எப்படி அணைக்கப்பட்டது என்பதை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்கள் அதற்குள் நாலு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "புனிதர்களைக் கோமாளிகள் ஆக்காதீர்கள்" என்று பெரியவர் ஒருவர் எழுந்து சொன்னார், நாடகம் பாதியில் நின்றது. அதை எழுதிப் பிள்ளைகளுக்குப் பழக்கிய மறைக்கல்வி ஆசிரியை நான்.

நாங்கள் யாரையும் கோமாளி ஆக்கவில்லை. உரோமையில் வாழ்ந்த இரண்டு புனிதர்களுக்குள் நடந்ததைத்தான் நடித்தோம். புனித பிலிப்பு நேரியும் கப்புச்சின் என்ற துறவற சபைச் சகோதரர் பெலிக்ஸும் 1515ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். அதைத் தவிர இருவருக்கும் பொருத்தம் ஒன்றுமில்லை. பிலிப்பு பிளாரன்ஸ் நகரத்துப் பிள்ளை, படித்தவர், கர்தினால்கள் தேடி வந்து பாவசங்கீர்த்தனம் செய்த குரு. பெலிக்ஸோ கந்தாலிச்சே என்ற சிற்றூரில் மாடு மேய்த்து ஏர் ஓட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், மடத்துக்காக ஏறக்குறைய 40 ஆண்டுகள் தோளில் பையோடு உரோமைத் தெருக்களில் பிச்சை எடுத்தவர். எது கிடைத்தாலும் 'தேயோ கிராசியாஸ்' என்பார். நம் பாட்டிமார் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்பார்களே, அதே பொருள்தான். தெருப்பிள்ளைகள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

இவர்கள் எதிர்ப்பட்டால், எரிந்து சாகவும் வதைபட்டுச் சாகவும் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்வார்கள். விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சியாக மரிக்கும் பேறு கிடைக்கட்டும் என்பது அதன் பொருள். ஒருநாள் நடுத்தெருவில் பெலிக்ஸ் தம் திராட்சைரசக் குடுக்கையை நீட்ட, மக்கள் வேடிக்கை பார்க்கப் பிலிப்பு அதை வாயில் வைத்துக் குடித்தார். பதிலுக்குத் தம் தொப்பியைக் கழற்றி அந்தத் துறவியின் தலையில் கவிழ்த்து, அப்படியே நடக்கச் சொன்னார். இருவரையும் ஊர் புனிதர்கள் என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெருமை தலைக்கேறாமல் இருக்கத்தான் ஒருவர் மற்றவரை ஊர் சிரிக்க வைத்தார். நாடகம் நிறுத்தப்பட்டது இந்த இடத்தில்தான்.

குடிப்பதைக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் குடி எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் குடுக்கையில் நன்னாரி சர்பத் ஊற்றினோம், வசனத்திலும் அதைத் தாகம் தீர்க்கும் பானம் என்றே எழுதினேன். கோயிலுக்குள் சிரிப்பு எதற்கு என்கிறீர்களா? நாடகம் நடந்தது மண்டபத்தில்.

விசுவாசம் கெட்டுவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். நகைச்சுவை உணர்வைத் தரும்படி கேட்கும் செபத்தைத் தாம் தினமும் சொல்வதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். சிரிப்பதற்கு அவருக்கு இருந்த உரிமை நம் பிள்ளைகளுக்குக் கிடையாதா?

கேலி செய்தால் மதிப்பு இல்லை என்று யார் சொன்னது? கர்தினால் சார்லஸ் பொரோமியோ தம் குருக்களுக்கு எழுதிய ஒழுங்குகளைப் பிலிப்பிடம் கொடுத்துத் திருத்தித் தரக் கேட்டபோது, பிலிப்பு கைகாட்டியது எழுத்தறியாத இந்தப் பெலிக்ஸைத்தான்.

என் அப்பா உபதேசியார், ஊர்மக்களுக்குச் செபமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுப்பவர். தர்மபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 1997இல். அதற்கு முன்பு சேலத்தோடு இருந்த காலத்தில், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்தார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பங்குச்சாமியோ இலத்தீன் படித்தவர், பெரிய வீட்டுப் பிள்ளை. விடிந்ததும் அப்பா, "தோத்திரம் சாமி, ஆண்டவர் இன்னும் உங்களைக் கூப்பிடலையா?" என்பார். "உம்ம குழிக்கு முதல் மண் நான்தான் போடணும் உபதேசியாரே, அதுக்காகத்தான் இருக்கேன்" என்பார் சாமி. அம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. அப்பா இறந்தபோது மாற்றலாகிப் போயிருந்த சாமி பேருந்து பிடித்து வந்தார். குழி வெட்டியவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி முதல் மண்ணைத் தாமே தள்ளினார், அங்கியெல்லாம் செம்மண். அன்று அவர் சிரித்துக்கொண்டே அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த என்னைப் பார்த்து, புனிதர்களை அவமதித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள்.

கடைசிக் காட்சியில் பிலிப்பு ஆள் அனுப்பித் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை போகவே விடவில்லை. பெலிக்ஸாக நடித்த ஏழாம் வகுப்புப் பையன் கறுப்புச் சார்ட்டில் ஒட்டிய அந்தத் தொப்பியோடே மேடையிலிருந்து இறங்கினான். திங்கட்கிழமை மாலை, மடங்கிய விளிம்பை நீவிவிட்டு, என் வீட்டு வாசலில் நின்றான். "இத யார்கிட்ட டீச்சர் குடுக்கணும்?" என்று கேட்டான்.