அறிக்கையில் பூஜ்ஜியம் இருந்தால் ஊர் பாதுகாப்பானதா?

"அமெரிக்காவின் கல்லூரி நகரங்கள் முற்போக்கானவை, பல்கலைக்கழக ஆண்டறிக்கையிலேயே வெறுப்புக் குற்றம் பூஜ்ஜியம், அதனால் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அங்கே பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சட்டத்தில் இந்த ஊர்கள் முந்திக்கொண்டது உண்மை. மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங்கும் ஆன் ஆர்பரும் 1972-லேயே தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான பாகுபாட்டுக்குத் தடை கொண்டுவந்தன.

ஆனால் அந்தப் பூஜ்ஜியம் வேறு விஷயம். அந்த அறிக்கை, வளாகக் குற்றக் கணக்கைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று 1990-ல் வந்த கிளெரி சட்டப்படி வெளியாவது. வளாகம், பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டிலுள்ள கட்டடங்கள், வளாகத்தை ஒட்டிய பொது இடங்கள், அவ்வளவுதான் அதன் எல்லை. நாலு தெரு தள்ளி, இரவில் அறைக்குத் திரும்பும் மாணவரை யாராவது வசைபாடி அடித்தால் அது இதில் ஏறாது. சரி, கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கணக்கில் வருமே என்றால், உள்ளூர் போலீஸ் அங்கே தகவல் தருவது பெரும்பாலும் அவர்கள் விருப்பம். தந்தாலும், வெறும் அடிதடி என்று பதிவாகியிருந்தால் வெறுப்புதான் நோக்கம் என்பது காணாமல் போய்விடும். இதற்கெல்லாம் முன்னால் அடிபட்டவர் புகார் தர வேண்டும். தன்னைப் பற்றி வீட்டிலேயே சொல்லாத இருபது வயதுப் பையன் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வானா என்ன?

அப்புறம், தன்பாலீர்ப்பாளரான மாணவர் மாத்யூ ஷெப்பர்ட் 1998-ல் உயிர்போகும் அளவுக்குத் தாக்கப்பட்ட லாரமியும் கல்லூரி நகரம்தான். வயோமிங் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஷெப்பர்டின் பெயரையும் தாங்கிய கூட்டாட்சி வெறுப்புக் குற்றச் சட்டம் வர 2009 ஆனது. வயோமிங் மாநிலமோ வெறுப்புக் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றாமலே காலம் கடத்தியது.