தலைக்குள் வைக்கப்பட்ட வெடிபொருள்

பெல்ஃபாஸ்ட் நகரத்து ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பமான 'இன்ஃபிளேமபிள் மெட்டீரியல்' பற்றிப் பேச்சு வந்தாலே, 'ஆவேசம்', 'கொந்தளிப்பு' என்ற இரண்டு சொற்களோடு பலரும் முடித்துக்கொள்கிறார்கள். 1979 பிப்ரவரியில் வெளிவந்த அந்த ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் எனக்கு அந்த விவரிப்பு போதவில்லை. ஆவேசம், எழுபதுகளின் பிற்பகுதியில் கிளம்பிய முரட்டு ராக் பாணியான பங்க் இசைக்குப் பொதுச்சொத்து. அந்த ஆண்டுகளில் லண்டனில் கிதார் பிடித்த எல்லோரும் கத்தத்தான் செய்தார்கள். அந்தப் பாடல்களில் பாதியை இன்று கேட்டால் வெறும் சத்தமாகத் தோன்றுகிறது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து நின்று 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கும்போது, எந்தப் பக்கமும் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஓர் இளைஞனின் குரல் இதில் கேட்கிறது. இந்த ஆல்பம் இன்னும் பழசாகாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

இதை 'ஐரிஷ் பங்க்' என்று எழுதும்போதே ஒரு தயக்கம் வருகிறது. பெல்ஃபாஸ்ட் இருப்பது வட அயர்லாந்தில். அங்கே ஒருவரை ஐரிஷ்காரர் என்பதா, பிரிட்டிஷ்காரர் என்பதா என்ற கேள்விக்கே உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. 1971 முதல் 1975 வரை விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் நடைமுறையில் இருந்தது. பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு இணைய விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் தனித்தனி ஆயுதக் குழுக்கள் இருந்தன. இசையும் தப்பவில்லை. 1975 ஜூலை 31 அன்று, நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்ட் குழுவின் வேன் வழிமறிக்கப்பட்டு, இசைக்கலைஞர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வெளியூர்க் குழுக்கள் வட அயர்லாந்துக்கு வரவே அஞ்சின. 1977 அக்டோபரில் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலில் லண்டன் பங்க் குழுவான தி கிளாஷ் வாசிப்பதாக இருந்த நிகழ்ச்சியும் காப்பீட்டுச் சிக்கலால் கடைசி நேரத்தில் ரத்தாகி, ஏமாந்த இளைஞர்கள் தெருவில் போலீஸோடு மோதினார்கள்.

அந்த ஊரில்தான் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் பாடகர் ஜேக் பர்ன்ஸும் நண்பர்களும், டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் பாட்டொன்றின் பெயரை வைத்துக்கொண்டு, பிறருடைய ராக் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பங்க் வந்ததும் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயரும் இன்னொரு குழுவின் பாட்டிலிருந்து எடுத்ததுதான். கோர்டன் ஓகில்வி என்ற பத்திரிகையாளர் அவர்களைச் சந்தித்து, உங்கள் ஊரைப் பற்றி, நீங்கள் வாழும் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று தூண்டினார். சில பாடல்களைச் சேர்ந்தே எழுதினார். பிறகு குழுவின் மேலாளராகவும் ஆனார்.

இந்த ஆல்பத்தைக் குறை சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். பத்திரிகைக்காரர் எழுதிக் கொடுத்த கலகம், ஊரின் துயரத்தை விற்ற பாட்டு என்பது அவர்கள் வாதம். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவினரே இதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் கலவரத்தைப் பற்றிப் பாடாமல் பதின்வயதுக் காதலைப் பாடினார்கள். அந்தப் பிடிவாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஓகில்வியின் கை எல்லாப் பாட்டிலும் இல்லை. இருந்தாலும்தான் என்ன? சொல்லை வேறொருவர் எழுதிக் கொடுத்தாலும், இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவர் அதைத் தொண்டை கிழியப் பாடும்போது, அந்தக் கிழிசலை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பர்ன்ஸின் குரல் இனிமையானதல்ல. சரளைக் கற்களை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். உச்ச சுருதியில் உடையும்.

முதல் பாட்டான 'சஸ்பெக்ட் டிவைஸ்' என்ற தலைப்பு, தெருவில் அநாதையாகக் கிடக்கும் பொட்டலத்துக்கு ராணுவம் வைத்திருந்த பெயர். எரியும் பொருள் என் தலைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாட்டின் முதல் வரி தொடங்குகிறது. ஆல்பத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த வரியிலேயே அதற்குப் பலியானவர்கள் 2,000 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. வெடிகுண்டு வண்டிக்குள் இல்லை, தபால் பெட்டிக்குள் இல்லை, பெரியவர்கள் சொல்லி வளர்த்த கதைகளில் இருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். தான் வைத்த குண்டிலேயே சாகிறவனைக் கால்பந்தின் 'சேம் சைடு கோல்' என்று கேலி பேசும் வழக்கம் ராணுவத்தினரிடையே இருந்தது. அந்தக் கொடூரமான கேலியையும் இப்பாட்டு எடுத்துக்கொண்டு, சொன்னபடி கேட்டு நடந்தால் நமக்கும் அதுவே கதி என்று எச்சரிக்கிறது. பிரசாரப் பாட்டு என்று இதை ஒதுக்குபவர்கள் அந்த வரிகளை மறுபடியும் கேட்க வேண்டும்.

(இந்தப் பாட்டைச் சொந்தச் செலவில் பதிவுசெய்து, வெடிகுண்டுபோல் வடிவமைத்த உறையில் கேசட்டாக இசை நிறுவனங்களுக்கு அனுப்பினார்களாம்; பொட்டலத்தைப் பார்த்துப் பயந்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்ட ஒரு நிறுவனம், இன்னொரு பிரதி கேட்டுத் தொலைபேசியில் அழைத்ததாம். குழுவினர் சொல்லிச் சிரிக்கும் கதை இது. கொஞ்சம் கூட்டியிருந்தாலும் மன்னிக்கலாம்.)

'வேஸ்டட் லைஃப்' இன்னும் நேரடியானது. ஆயுதக் குழுவில் சேரச் சொல்லி அழைப்பவர்களிடம், யாருடைய போருக்கும் நான் சிப்பாய் இல்லை என்று ஒருவன் சொல்வதுதான் பாட்டு முழுவதும். பர்ன்ஸ் பெயர் குறிப்பிட்டு எந்தக் குழுவையும் திட்டவில்லை. எனவே எந்தத் தரப்புக்காரனும் அது எதிர்த்தரப்புக்குச் சொன்னது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. மறுபடியும் மறுபடியும் நான் போட்டுக் கேட்பது இதைத்தான்.

'பார்ப்ட் வயர் லவ்' முள்வேலிக்கு இருபுறமும் நிற்கும் இருவரின் காதல். முதல் பார்வையில் காதல் என்ற பழைய சொற்றொடரைக் குண்டு வெடித்த இடத்தில் காதல் என்று மாற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் பார்வைக்கும் இடத்துக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால் அந்தக் குறும்பு பலிக்கிறது. நடுவில் திடீரென்று ஐம்பதுகளின் பாணியில் எல்லோரும் சேர்ந்து கொஞ்சிப் பாடுவார்கள். இத்தனை நகைச்சுவையும் இந்த ஆல்பத்தில் இருப்பதை 'ஆவேசம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

எல்லாமே சிறப்பு என்று சொல்ல மாட்டேன். 'வைட் நாய்ஸ்' பாட்டில் இனவெறியர்களின் வாயிலிருந்து வரும் வசைச் சொற்களை அப்படியே அடுக்குகிறார்கள். கடைசியில் அதே வசை ஐரிஷ்காரர்கள்மீது திரும்பும்போது நோக்கம் புரிகிறது, என்றாலும் அது வரைக்கும் கேட்கக் கூசுகிறது. 'ஹியர் வி ஆர் நோவேர்' சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் அதைப் பற்றிப் புகார் இல்லை.

ரஃப் டிரேட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்பேஸ்வார்ட் ஸ்டுடியோவில், பெரிய மெருகேதும் இல்லாமல் பதிவானது. பிரிட்டிஷ் ஆல்பப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை சென்றது. பெரிய நிறுவனத்தின் துணையில்லாத ஓர் ஆல்பத்துக்கு அன்று அது எளிதில் கிட்டாத உயரம்.

இரண்டாம் பக்கத்தில் வரும் 'ஜானி வாஸ்' பாப் மார்லியின் பாட்டு. தெருவில் சுடப்பட்டு இறந்த மகனுக்காகத் தாய் அழுவதை மார்லி ஜமைக்காவை மனத்தில் வைத்துப் பாடினார். இவர்கள் அதை எட்டு நிமிடங்களுக்கு இழுத்து, ராணுவ அணிவகுப்பின் முரசுபோல் தொடங்கி, துப்பாக்கிச் சத்தத்தைப் பெல்ஃபாஸ்ட் இரவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேகம்தான் பங்க் என்றிருந்த நாளில் எட்டு நிமிடம் என்பது துணிச்சல். கிதார்கள் விலகி நின்று குரலுக்கு இடம் கொடுக்கும்போது, அந்தத் தாய் எந்த மதத்தவள் என்று கேட்கவே தோன்றுவதில்லை.

அது அடங்கியதும் 'ஆல்டர்னேட்டிவ் அல்ஸ்டர்' பாட்டின் கிதார் கிளம்புகிறது. சாயங்காலமானால் போக இடமில்லை, செய்ய வேலையில்லை என்ற சலிப்பில்தான் அந்தப் பாட்டும் தொடங்குகிறது; தெருவில் நிற்கும் ராணுவம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதையும் தாண்டிக் கடைசியாக 'குளோஸ்ட் குரூவ்' என்ற ஒன்று இருக்கிறது. எனக்கு அது ஒட்டவே இல்லை. பெரும்பாலும் 'ஆல்டர்னேட்டிவ் அல்ஸ்டர்' முடிந்த கையோடு ஊசியைத் தூக்கிவிடுவேன்.