மகன் இருக்கானா என்று ஏன் கேட்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் எழுபது வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் அரிசியும் பருப்பும் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டு 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் என்று சொல்லித் தொடங்கினார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், யாரையும் மனு போடச் சொல்லவில்லை. அட்டையில் வயது இருந்தது, பட்டியல் எடுத்தார்கள், வண்டி கிளம்பியது.

அதே பாட்டி முதியோர் உதவித்தொகை கேட்டுப் போகட்டும், கதையே வேறு. இ-சேவை மையத்தில் மனு, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ. அது கிராம நிர்வாக அலுவலரான விஏஓ-விடம் போகும், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.-யிடம் போகும், கடைசியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போய் உட்காரும். நடுவில் ஸ்தல விசாரணை. அதில்தான் அந்தக் கேள்வி வரும்: "பசங்க இருக்காங்களா?"

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். நடவு, களையெடுப்பு என்று காலம் முழுக்க வயலில் கிடந்த அம்மா. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன், பெயிண்டர் வேலை, நாலு வீடு தள்ளித் தனிக்குடித்தனம். வேலை இருக்கிற வாரம் அம்மாவுக்கு மீன் வாங்கிக் கொடுப்பான், மழைக்காலத்தில் அவனே அம்மாவிடம் வந்து சாப்பிடுவான். விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். "இருக்கான் சாமி" என்று அந்த அம்மா இழுத்தார். "இருக்கான்னா பார்த்துக்கிறானா இல்லையா, அதைச் சொல்லும்மா." பதில் வரவில்லை. வாசலில் நின்ற மகன்தான் முன்னால் வந்து, "நான் பார்த்துக்கிறதில்ல சார், எழுதிக்குங்க" என்றான். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஆயிரத்து இருநூறு வர வேண்டுமானால் தன்னை அம்மாவைக் கைவிட்டவன் என்று அவனே சொல்லியாக வேண்டும். அவர் எழுதிக்கொண்டார்.

வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "விதி அப்படிம்மா, நான் என்ன பண்ண" என்றுதான் போனார். விதி அப்படித்தான். வயது 60 ஆகியிருந்தால் போதாது, ஆதரவற்றவராகவும் இருக்க வேண்டும். சொத்து ஒரு வரம்புக்கு மேல் இருக்கக் கூடாது. மத்திய அரசின் பங்கு வேண்டுமென்றால் வறுமைக்கோட்டுப் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் சரியாக இருந்தாலும், "இப்போதைக்கு இடம் இல்லை, காலியானா பார்க்கலாம்" என்று ஒரு பதில் உண்டு. இடம் எப்படிக் காலியாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1962-இல் சென்னை மாநிலத்தில் இந்தத் திட்டம் மாதம் 20 ரூபாயில் தொடங்கியபோது இப்படி வடிகட்டியதற்கு ஒரு நியாயம் இருந்தது. கையில் இருந்த காசு கொஞ்சம், யாருமே இல்லாதவருக்கு முதலில் கொடுப்போம் என்று நினைத்தார்கள். நாட்டிலேயே முன்னோடியாகத் தொடங்கிய மாநிலங்களில் ஒன்று நாம் என்ற பெருமை எனக்கும் உண்டு. 2011-இல் தொகை ஆயிரம் ஆனது. அதன்பின் பன்னிரண்டு வருஷம் அசையவே இல்லை, 2023-இல்தான் 1,200. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கேஸ் சிலிண்டரும் நல்லெண்ணெயும் எங்கே போயின என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய், அதுவும் மாதப் பிறப்பன்றே வீடு தேடி வருகிறது. கேரளாவில் 2,000 ஆக்கியிருக்கிறார்கள்.

டெல்லியில் இருக்கிற மத்திய அரசைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய், 80 தாண்டினால் 500. அந்த 200 என்பது 2006-இல் வைத்த தொகை. அன்று பிறந்த பிள்ளை இன்று ஓட்டுப் போடுகிறது, தொகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் மாநிலத்தில் உள்ள எல்லாருக்கும் கிடையாது, அவர்கள் எண்ணி வைத்த தலைகளுக்கு மட்டும்தான். மீதி முழுக்க மாநிலத்தின் கையிலிருந்து. எனவே "மாநிலம் ஏன் 4,000 தரவில்லை" என்று கேட்கிறவர்கள் மறுபக்கமும் திரும்பி ஒரு கேள்வி கேட்கலாம்.

ஆனால் என்னுடைய சண்டை தொகையோடு அல்ல, அந்த வடிகட்டியோடுதான். அரிசிக்கு வயது போதும் என்றால் பணத்துக்கு ஏன் போதாது?

"மகன் சம்பாதிக்கிறான், அரசு எதுக்குத் தரணும்" என்பார்கள். சரி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஒரு தாசில்தாரை எடுத்துக்கொள்வோம். மகன் அமெரிக்காவில் இருக்கலாம், மகள் டாக்டராக இருக்கலாம். ஓய்வூதியம் மாதா மாதம் வரும். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும். பிள்ளைகள் சோறு போடுகிறார்களா என்று அவர் வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார்ந்து விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் கூடாது. அவர் பணம் கட்டினாரே என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் எந்தப் பிடித்தமும் கிடையாது. உழைத்த காலத்துக்கான மரியாதையாகத் தருகிறோம். எனக்கு அதில் மறுப்பே இல்லை. நாற்பது வருஷம் நாற்று நட்டவர் உழைப்பும் உழைப்புதானே என்பதுதான் என் கேள்வி. அவருக்கு மட்டும் மரியாதையை விசாரித்துத் தருவது என்ன முறை?

பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்குச் சட்டம் வேறு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.-விடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர வேண்டும் என்று உத்தரவு வாங்கலாம். நல்ல சட்டம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டியவர்களைப் பிடிக்க உதவுகிறது. ஆனால் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிற மகன் மேல் எந்த அம்மா மனு கொடுப்பார்? அவன் கையில் இல்லாத பணத்தை எந்த ஆர்.டி.ஓ. வாங்கித் தருவார்? ஏழை வீட்டில் அம்மாவைப் பார்க்காத மகன்களைவிட, பார்க்க முடியாத மகன்கள் அதிகம். விதி இரண்டு பேரையும் ஒரே பேனாவால் எழுதுகிறது.

செலவு? இதைத் தட்டிக் கழிக்க முடியாது. மேலே சொன்ன 20 லட்சம் பேருக்கும் 1,200 வீதம் கொடுத்தால் வருஷத்துக்கு 2,880 கோடி. பெரிய தொகைதான். ஆனால் இதில் கணிசமானவர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள், புதிதாகச் சேரும் செலவு இதைவிடக் குறைவு. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-இல் மட்டும் 13,000 கோடிக்கு மேல் ஒதுக்கிய மாநிலம் இது. அதை நான் ஆதரிக்கிறேன், ஆயிரம் ரூபாய் வந்ததும் வீட்டுக்குள் பெண்களின் குரல் எப்படி மாறியது என்று பார்த்தவன். வயதானவர்கள் கணக்கோ ஏறிக்கொண்டேதான் போகும். 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 தாண்டியவர்கள். 2031-இல் பதினெட்டுக்கு மேல் போகும் என்று மத்திய அரசின் கணிப்பே சொல்கிறது. இத்தனை பேருக்கும் திண்ணை திண்ணையாக விசாரணை நடத்த ஊருக்கு எத்தனை விஏஓ வேண்டும்?

வயதை மட்டும் வைத்தால் வேறு தலைவலி வரும், தெரியும். ஆதார் எடுக்கும்போது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் தோராயமாக ஒரு வருஷத்தைப் போட்டு ஜனவரி ஒன்று என்று முடித்தார்கள். கொள்ளுப்பேரன் எடுத்த கிழவிக்கு ஆதாரில் 58 வயது. இதைத் திருத்தப் பள்ளிச் சான்றிதழ் கேட்டால் அவர் எந்தப் பள்ளிக்குப் போவார்? ஊர் ஊராக ஒரு முகாம் வைத்து, மருத்துவர் பார்த்து வயது எழுதிக் கொடுத்தால் தீரும்.

அப்புறம் ரேகை. மாதா மாதம் மிஷினோடு வருகிற வங்கி முகவர் முன்னால் பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விறகும் சாணியும் களைக்கொத்தும் தேய்த்த விரல். முந்தானையில் துடைத்து வைப்பார்கள், விழாது. அடுத்த விரல், விழாது. "நாளைக்கு வா பாட்டி." விழுந்துவிட்டால் பத்து இருபது டீ செலவுக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, நல்லவர்களும் உண்டு. மணியார்டர் காலத்தில் போஸ்ட்மேனுக்குப் போனது இப்போது மிஷினுக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வசதியானவர்களும் வாங்கிவிடுவார்களே என்று அடுத்த கேள்வி வரும். வாங்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை. வருமான வரி கட்டுகிறவர், வேறு ஓய்வூதியம் வாங்குகிறவர் பெயர்களைக் கணினியே நீக்கிவிடும். மகளிர் உரிமைத் தொகைக்கு அப்படித்தானே சலித்தார்கள்? இல்லாதவர் இல்லை என்று நிரூபிப்பதற்குப் பதிலாக, இருப்பவர் பட்டியலைக் கழித்துவிட்டு மீதி எல்லாருக்கும் கொடுங்கள்.

ஒரே நாளில் வேண்டாம். முதலில் 75 தாண்டியவர்களுக்கு விசாரணை இல்லாமல் கொடுக்கட்டும், அடுத்த வருஷம் 70, பிறகு 65. அரிசி வண்டிக்கு எடுத்த பட்டியலே கைவசம் இருக்கிறது. வருவாய்த் துறையில் வேலை பார்க்கிற நண்பர்கள் என் நட்புப் பட்டியலில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். இதில் எந்த இடத்தில் இடிக்கும் என்று கீழே எழுதுங்கள்.