நான்கு நாளில் ஏழு ரவிக்கை

அக்கா மகள் கல்யாணத்துக்கு இன்னும் நான்கே நாள். நேற்று மாலை அத்தை வந்து இரண்டு பட்டு ரவிக்கைத் துணியை மடியில் வைத்துவிட்டு, "ஒரு தையல்தானே, போட்டுவிடு" என்கிறார். இதோடு ஏழு!

ஒரு தையலா? பட்டுக்கு அடியில் வைத்துத் தைக்கும் உள்துணியை வாங்கிய கையோடு வெட்டிவிட முடியாது. இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் கத்தரிக்கோலையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் முறை நனைத்ததுமே உள்துணி சுருங்கி, மேலே பட்டு தையலோரம் முழுக்கச் சுருண்டு நிற்கும். பட்டில் தவறாகத் தைத்துப் பிரித்தால் ஊசித் துளை போகவே போகாது.

புடவையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். அதற்குள் முழங்கை வரை கை வேண்டுமாம், கரை முதுகிலும் வர வேண்டுமாம். அளவு ரவிக்கையோ மூன்று வருடம் பழையது. "கொஞ்சம் தளர்த்தி வை" என்றால் எத்தனை அங்குலம்? டேப்பை எடுத்தால் நிற்க நேரமில்லை என்கிறார்கள்.

முந்தானைக் குஞ்சம் கட்டவே ஒரு பகல் போகிறது. ரவிக்கைக்குக் கொக்கி, புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் எல்லாம் அதற்கு மேல். இரண்டு மாதம் பீரோவில் கிடந்த புடவையை அப்போதே கொடுத்திருக்கக் கூடாதா? மணப்பெண்ணின் ரவிக்கைக்கு நான் இன்னும் கைகூட வெட்டவில்லை.